வடசென்னைத் தெருவுக்கு எந்தக் கேமரா?

கேள்வி: வணக்கம் சார். திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நிக்கான் டி5600 டிஎஸ்எல்ஆர் கேமராவும், அதோடு வந்த 18-55, 70-300 லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். போகிற ஊரிலெல்லாம் தெருக்களைப் படமெடுப்பது எனக்குப் பிடிக்கும். பொங்கல் விடுமுறையில் தண்டையார்பேட்டை அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கி ஜார்ஜ் டவுன், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் சுற்றலாம் என்றிருக்கிறேன். போன முறை பூக்கடைப் பக்கம் பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு நின்றதுமே “எந்த சேனல்மா?” என்று கூட்டம் கூடிவிட்டது. தோள்வலி வேறு. பாக்கெட்டில் அடங்கும் காம்பாக்ட் கேமரா வாங்கினால் யாருக்கும் தெரியாமல் எடுக்கலாமே என்று தோன்றுகிறது. படத்தின் தரம் குறையுமா? டிஎஸ்எல்ஆரை விற்றுவிடலாமா? போனே போதும் என்கிறார் என் கணவர்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், திருச்சி)

பதில்:

வணக்கம் டீச்சர்.

காம்பாக்ட் வாங்குங்கள். நீங்கள் செய்யப்போகிற வேலைக்கு அதுதான் சரி. ஆனால் ‘யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம்’ என்பதற்காக வாங்காதீர்கள். நான் ராயபுரத்துக்காரன். கல்யாணம், விழா என்று பெரிய கேமராவில் சம்பாதிக்கிறேன். எனக்காக நடக்கும்போது சின்னக் கேமராவோடுதான் நடக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் தரம். உங்கள் டி5600-இன் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிகிற தகடு, 23.5 × 15.6 மி.மீ. நல்ல காம்பாக்ட்களில் வரும் ‘ஒரு அங்குல’ சென்சார் 13.2 × 8.8 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் உங்களுடையது மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். இதை மட்டும் பார்த்துத்தான் பலரும் காம்பாக்ட்டை ஒதுக்கிவிடுகிறார்கள். லென்ஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும். உங்கள் 18-55 லென்ஸ், அகலக் கோணத்தில் எஃப் 3.5, முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 போன்ற ஒரு காம்பாக்ட்டில் பழைய ஃபிலிம் கேமராக் கணக்கில் 24-70 மி.மீ.க்குச் சமமான ஜூம் (மி.மீ. குறைந்தால் பார்வை அகலம்). அகலத்தில் எஃப் 1.8, கடைசியில் எஃப் 2.8. எஃப் 5.6-ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். சென்சாரில் இழந்த மூன்று மடங்கை லென்ஸ் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் கேமராவோடு வந்த உங்கள் 18-55 தரும் படத்துக்கும் அந்தச் சின்னக் கேமரா தரும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. டிஎஸ்எல்ஆரில் 35 மி.மீ. எஃப் 1.8 மாதிரி ஒரு லென்ஸை மாட்டினால் கதை வேறு. அது உங்களிடம் இல்லை.

எடையும் பாருங்கள். டி5600 பேட்டரியோடு 465 கிராம். இரண்டு லென்ஸையும் சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். பையும் சார்ஜரும் தண்ணீர் பாட்டிலும் அதற்கு மேல். மேலே சொன்ன சோனி 290 கிராம். ஜூம் இல்லாத காம்பாக்ட்டான ரிக்கோ ஜிஆர் 3 வெறும் 257 கிராம். அதற்குள் உங்கள் நிக்கான் அளவுக்கே பெரிய சென்சார். தோள்வலிக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. காலை ஐந்து மணிக்குக் காசிமேட்டில் தொடங்கி மதியம் தங்கசாலையில் முடிக்கிற ஆளுக்குக் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் நல்ல படம் கிடைக்கும், அதுவரை உடம்பு தெம்பாக இருந்தால்.

கடைக்காரர் ‘நாற்பது மடங்கு ஜூம் மேடம்’ என்று ஒன்றை எடுத்துக் காட்டுவார். வேண்டாம். அந்த வகைக் கேமராக்களில் சென்சார் பெரும்பாலும் 6.2 × 4.6 மி.மீ. அளவுதான். இப்போதைய நல்ல போன்களின் பிரதான சென்சார் அதைவிடப் பெரியது. அப்படி ஒன்றை வாங்குவதானால் உங்கள் கணவர் சொல்வதே சரி, போனே போதும். நல்ல வெயிலில், அசையாத கட்டடத்துக்கு, உடனே அக்காவுக்கு அனுப்பப் போன் அருமையான கருவி. விளக்கு வெளிச்சத்தில் ஆள் நகரும்போதும், ஈரக் கையால் திரையைத் தொட வேண்டி வரும்போதும்தான் அது கைவிடும். நீங்கள் போகப்போகிற இடங்களில் இரண்டுமே நடக்கும்.

எந்தக் காம்பாக்ட்? காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் 18-55 லென்ஸை 18-இல் வைத்து, ஜூம் வளையம் நகராதபடி டேப் ஒட்டிவிடுங்கள். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வாருங்கள். நிக்கானில் 18 என்பது அந்த ஃபிலிம் கணக்கில் 27 மி.மீ.க்குச் சமம், ஜிஆர் 3-இன் 28 மி.மீ. பார்வை ஏறக்குறைய அதுதான். அடுத்த வாரம் 24-இல் ஒட்டுங்கள். அது ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசைக் கேமராக்களின் 35 மி.மீ. பார்வை. 27-இல் ஒட்டினால் ஜிஆர் 3எக்ஸின் 40 மி.மீ. இவற்றில் எதிலாவது ‘ஜூம் இல்லையே’ என்ற நினைப்பே வராமல் படமெடுத்தீர்களானால் ஜூம் இல்லாத கேமரா உங்களுக்குப் பொருந்தும். கை அரித்துக்கொண்டே இருந்தால் ஜூம் உள்ள ஒரு அங்குலக் கேமராவுக்குப் போங்கள். பழைய படங்களின் விவரத்தையும் கணினியில் திறந்து, எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். என் ஊகம், முக்கால்வாசி 18-இல் இருக்கும்.

இனி ‘தெரியாமல் எடுப்பது’.

வடசென்னைக்காரர்கள் கேமராவைக் கண்டால் ஏன் “எந்த சேனல்?” என்று கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள் டீச்சர். மழைநீர் தேங்கினால் கேமரா வரும். குப்பைக்கு வரும். வெட்டுக்குத்து நடந்தால் வரும். எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் பரவியபோது வந்தது; வர வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே முகத்துவாரத்தில் வலை வீசுகிறவரின் சாதாரண நாளைப் பார்க்க யாரும் வருவதில்லை. வியாசர்பாடியில் பையன்கள் பந்தாடுவதையும், தெருமுனை கேரம் போர்டைச் சுற்றி ராத்திரி வரை நிற்கிற கூட்டத்தையும், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளித் துணி எடுக்கிற குடும்பத்தையும் எடுக்க வருபவர்கள் குறைவு. தங்களைத் தூரத்திலிருந்து எடுத்து யாரோ எங்கோ எதற்கோ காட்டுகிறார்கள் என்ற வருத்தம் இந்த மக்களுக்கு நியாயமாகவே இருக்கிறது. நீங்கள் 70-300-ஐ நீட்டியதும் கூட்டம் கூடியதற்கு அதுதான் காரணம். அதே மனநிலையோடு சின்னக் கேமராவை இடுப்புக்குக் கீழே வைத்து ஒளிந்து எடுத்தால், பார்த்துவிட்டவர் இரண்டு மடங்கு கோபப்படுவார். கோபப்படவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

சின்னக் கேமராவின் நன்மையே வேறு. அது உங்கள் முகத்தை மறைக்காது. திரையைப் பார்த்து எடுக்கும்போது கேமரா நெஞ்சுக்கு நேரே நிற்கும். எதிரில் இருப்பவர் உங்கள் கண்ணைப் பார்ப்பார். நீங்கள் பேசிக்கொண்டே எடுக்கலாம். 28 மி.மீ. பார்வையில் ஒருவரை இடுப்பு வரை சட்டத்தில் நிரப்ப ஒரு மீட்டர் தூரத்துக்கு வந்தாக வேண்டும். அவ்வளவு கிட்டே வந்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். “எங்க போடுவ?” என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். “வேணாம்” என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். “சரி” என்றவர் முதல் படத்துக்கு விறைப்பாக நிற்பார். அதை எடுத்துக் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் உங்களை மறந்து வேலையைப் பார்க்கத் தொடங்குவார். நீங்கள் தேடி வந்த படம் அப்போது கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரியே அனுப்பிவிடுங்கள். முடிந்தால் பிரிண்ட் போட்டு உங்கள் அக்காவிடம் கொடுத்து, அவர் மீன் வாங்கப் போகும்போது கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்த வரிசையில் உங்களை யாரும் சேனல்காரர் என்று நினைக்க மாட்டார்கள்.

ஆட்டோஃபோகஸ் உதவிக்கு எரியும் சின்ன விளக்கையும், பீப் சத்தத்தையும், ஃபிளாஷையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஒளிவதற்காக அல்ல, கத்தியை வைத்து மீன் வெட்டிக்கொண்டிருப்பவரின் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடிக்கக் கூடாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். ஜனவரியில் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் வரும், அதுவரை விளக்கு வெளிச்சம் மட்டுமே. லென்ஸ் முழுக்கத் திறந்த நிலையில், ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கூட்டும் எண்) 3200-இலிருந்து 6400 வரை போகும் என்று எதிர்பாருங்கள். ஒரு அங்குல சென்சாரில் 6400-இல் புள்ளிகள் தெரியும். ஜிஆரில் குறைவாகத் தெரியும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில், எடுங்கள். விளக்குகளின் நிறம் இடத்துக்கு இடம் மாறும். வீட்டுக்கு வந்து சரிசெய்ய ரா இருந்தால்தான் முடியும். வஞ்சிரத்தின் முதுகிலும் ஐஸ் கட்டியிலும் வெளிச்சம் தெறித்து வெளுத்துவிடும், அதனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். சூரியன் வந்த பிறகு விசைப்படகுகளுக்குப் பின்னாலிருந்து, கடல் பக்கமிருந்து, நேராக உங்கள் லென்ஸுக்குள் அடிக்கும். அப்போது தண்ணீரை விட்டுவிட்டுத் திரும்பி நில்லுங்கள்; ஏலக்காரர்கள், கூடை தூக்குகிறவர்கள், பேரம் பேசும் பெண்கள் எல்லார் முகத்திலும் அந்த மஞ்சள் வெளிச்சம் விழும். அரை மணி நேரம்தான், பிறகு கடுமையாகிவிடும்.

தரை முழுக்க மீன் தண்ணீரும் ஐஸும். வழுக்காத செருப்பு முக்கியம். “ஓரம், ஓரம்!” என்று குரல் வந்தால் படத்தை மறந்து ஒதுங்குங்கள், வருபவர் தலையில் இருக்கிற பாரத்தோடு நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வாங்க வரும் கூட்டம் நெருக்கும். முதல் தடவை என்றால் வார நாளில் போங்கள். பயணத்தைக் கோடை விடுமுறைக்குத் தள்ளினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஏல ஆரவாரம் இருக்காது, வரிசையாகக் கட்டிய படகுகளும் வலை பின்னுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பேச நேரமும் இருக்கும். அந்த நாட்களும் எனக்குப் பிடிக்கும்.

ஜார்ஜ் டவுனில் ஒளியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தங்கசாலைத் தெரு, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எல்லாம் வடக்குத் தெற்காக ஓடுபவை, இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். காலையில் வெயில் தெருவுக்குள் இறங்காது. மேற்கு வரிசைக் கட்டடங்களின் மாடியில் பட்டு, அங்கிருந்து தெறித்து மென்மையாகக் கீழே வரும். முகங்களை எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் எந்த ஸ்டூடியோவிலும் கிடையாது. ஜனவரியில் உச்சி வெயிலே தெற்கே சாய்ந்துதான் இருக்கும். அதனால் பன்னிரண்டு மணி வாக்கில் தெருவின் நீளத்துக்கு வெயில் பாயும். வடக்கு நோக்கி நடந்தால் எதிரே வருகிறவர்களின் முகத்தில் நேர் வெளிச்சம். திரும்பித் தெற்கு நோக்கி நடந்தால் மூட்டை தூக்குகிறவர், கைவண்டி, தூசு எல்லாவற்றின் ஓரத்திலும் வெளிச்சக் கோடு.

இங்கேதான் சின்னச் சென்சாரின் ‘குறை’ உதவிக்கு வரும். அதில் பின்னணியை மங்கலாக்குவது கடினம், எல்லாமே தெளிவாக விழும். தெருப் படத்துக்கு அதுதானே வேண்டும்? ஜிஆரின் சென்சார் பெரிது, ஆனால் அதில் ‘ஸ்னாப் ஃபோகஸ்’ என்று ஒரு வசதி உண்டு. எஃப் 8 வைத்து, ஃபோகஸை 2 மீட்டருக்குப் பூட்டிவிட்டால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை கூர்மையாக இருக்கும். கேமரா ஃபோகஸ் தேடி நேரத்தை வீணாக்காது. ஒரு அங்குலக் கேமராவில் அகலக் கோணத்தில் எஃப் 4-லேயே ஏறக்குறைய இந்த ஆழம் கிடைத்துவிடும். எஃப் 8-க்கு மேல் அதை மூடாதீர்கள், அவ்வளவு சின்னச் சென்சாரில் படம் சோர்ந்துவிடும்.

அரண்மனைக்காரன் தெரு என்று நம் ஆட்கள் சொல்லும் ஆர்மேனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இருக்கிறது. பாரிமுனை இரைச்சலிலிருந்து பத்தடி உள்ளே போனால் அமைதி. அங்கே அரை மணி உட்கார்ந்து பேட்டரி மாற்றிக்கொள்ளுங்கள். ராயபுரம் ரயில் நிலையத்தைத் தவறவிடாதீர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். அந்தத் தூண் வைத்த கட்டடம் இன்றும் நிற்கிறது. அதை எடுக்கும்போது கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல், பின்னால் தள்ளி நின்று நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் தூண்கள் உள்நோக்கி விழுவதுபோல் வரும். துறைமுக வேலிக்குள்ளும், உயர் நீதிமன்ற வளாகத்திலும் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்க வேண்டாம். கேமரா எவ்வளவு சின்னது என்பதை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். கோயிலுக்குள்ளே எடுப்பதைவிடச் சன்னதித் தெருவும் பூக்கட்டுகிறவர்களும் போதும்.

காம்பாக்ட்டின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் தொல்லை தூசு. இந்த வகைக் கேமராக்களில் பலவற்றில் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் காற்றோடு மணலையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். டிஎஸ்எல்ஆரில் சென்சாரில் தூசு விழுந்தால் லென்ஸைக் கழற்றி ப்ளோயரால் ஊதிவிடலாம். இதில் சர்வீஸுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஜிஆருக்கு இந்தப் பேர் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அதனால் வெறும் சட்டைப் பாக்கெட்டில் போடாமல் ஒரு துணி உறைக்குள் வையுங்கள். கடற்கரைக் காற்றில் தேவையில்லாமல் ஆன், ஆஃப் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பழையதை வாங்குவதானால் அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முடிந்தவரை மூடி, வெள்ளைச் சுவரைக் குறிவைத்து ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்தக் கேமரா வேண்டாம்.

அடுத்தது பேட்டரி. உங்கள் டி5600 ஒரு சார்ஜில் 970 படம் என்று கணக்கு. ஆர்எக்ஸ்100 மார்க் 3-க்கு 320, ஜிஆர் 3-க்கு 200. குறைந்தது இரண்டு உதிரி பேட்டரி வேண்டும். இரண்டு கேமராவையும் பவர் பேங்க்கில் சார்ஜ் செய்யலாம் என்பது ஆறுதல். வெயிலில் திரை சரியாகத் தெரியாது. ஆர்எக்ஸ்100 மார்க் 3-இல் மேலே தள்ளி எடுக்கும் குட்டி வியூஃபைண்டர் உண்டு, ஜிஆரில் இல்லை. கண்ணாடி போட்டவர் என்றால் கடையில் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

இத்தனையும் வைத்துப் பார்த்தால், உங்களுக்கு என் முதல் யோசனை ஜூம் உள்ள ஒரு அங்குலக் கேமராதான், நல்ல நிலையில் இருக்கும் பழையதானாலும் சரி. டேப் சோதனையில் 18 உங்களுக்கு ஒத்துவந்தால் மட்டும் ஜிஆர்.

டி5600-ஐ விற்க வேண்டாம். 2020-க்குப் பிறகு நிக்கானும் கேனனும் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. பழையதற்கு இப்போது கிடைக்கிற விலை உங்களை வருத்தப்பட வைக்கும். பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஓடுகிற பிள்ளைகளை எடுக்க அந்த 70-300-ஐ மிஞ்ச எந்தக் காம்பாக்ட்டாலும் ஆகாது. பொங்கல் பயணத்தில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்து, பழவேற்காடு வரை போவதாக இருந்தால் அதை எடுத்து வாருங்கள். அந்தப் பருவத்தில் ஏரியில் பூநாரைகள் இறங்கியிருக்கும். அவற்றிடம் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அனுமதி கேட்க முடியாது, அங்கே நீண்ட லென்ஸ்தான் மரியாதை. மற்ற நான்கு நாளும் அது அக்கா வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.